விஸ்பி இடைக்கால வாரத்துக்கு மூன்று பேருக்கு உடுப்பு தைக்கணும், நாலு மாசம்தான் இருக்கு

ஊசிமுனை:
எல்லாருக்கும் வணக்கம். ஸ்டாக்ஹோமில் இருக்கிறேன். ஆகஸ்டில் ஸ்வீடனின் கோட்லாந்துத் தீவில், விஸ்பி நகரத்தில் நடக்கும் இடைக்கால வாரத்துக்கு என்னோடு வேலை பார்ப்பவர்கள் வருஷா வருஷம் போய்க் கூடாரம் அடித்துத் தங்குவார்கள். இந்த முறை எங்களையும் கூப்பிட்டுவிட்டார்கள். நான், வீட்டுக்காரர், ஒன்பது வயது மகள். அவர்கள் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: முகாமுக்குள் இருப்பவர்கள் 1361-இல், அதாவது டென்மார்க் படையோடு விஸ்பியில் சண்டை நடந்த வருஷத்தில், இந்தத் தீவில் ஒருவர் போட்டிருக்கக்கூடிய உடையில் இருக்க வேண்டும். வாடகைக் கடையில் கிடைக்கும் மினுமினு வெல்வெட் கவுன் ஆகாதாம்.

எனக்கு ரவிக்கை தைக்க வரும், சுடிதார் வரும், அம்மாவின் மிதி மிஷினில் பழகிய கை. கம்பளித் துணியில் இதுவரை கத்தரிக்கோல் வைத்ததில்லை. வீட்டுக்காரர் அதற்குள் இரும்பு வளையம் கோத்த சங்கிலிச் சட்டை, வாள், தலைக்கவசம் மூன்றையும் ஓர் இணையக் கடையின் கூடையில் போட்டுவிட்டு என் தலையாட்டலுக்காகக் காத்திருக்கிறார். கூட்டிப் பார்த்தால் எங்கள் மாத வாடகையைத் தாண்டுகிறது. எதில் ஆரம்பிப்பது, எதைத் தைப்பது, எதை வாங்குவது? வேலை முடிந்து வந்த பிறகு கிடைக்கும் மாலை நேரம்தான் என் கையில்.

கம்பளிப்பூச்சி:
முதலில் அந்தக் கூடையைக் காலி பண்ணச் சொல்லு தங்கச்சி. ஒன்பது வருஷமாகப் போகிறேன், முதல் வருஷம் நாங்களும் இதே தப்பைத்தான் செய்தோம். என் அண்ணன் பளபளவென்று தலைக்கவசம் வாங்கினான், அதற்குக் கீழே போட அவனிடம் இருந்தது ஒரு பாலியஸ்டர் அங்கியும் ஓட்டக் காலணியும். தூரத்திலிருந்து பார்த்தால் வாளியைக் கவிழ்த்துக்கொண்ட நர்ஸ் மாதிரி இருந்தான். அவனிடமே சொல்லியிருக்கிறேன், அதனால் இங்கே எழுதலாம்.

உடம்பிலிருந்து வெளியே வா. தோலை ஒட்டி லினன் சட்டை, ஆணுக்கு லினன் உள்கால்சட்டையும். அதற்கு மேல் கம்பளி அங்கி. காலுக்குக் கம்பளிக் கால்மேசு. தலைக்கு வால் வைத்த முக்காடு. ஷூ, ஒரு பெல்ட், இடுப்பில் தொங்க ஒரு துணிப்பை. இவ்வளவு இருந்தால் முகாமில் யாரும் உன்னைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அதுதான் நமக்கு வேண்டியது. இரும்பெல்லாம் அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம்.

துணி வாங்கும்போது ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டு. முடி கருகிய நாற்றம் வந்து, விரலில் தேய்த்தால் பொடியாகப் போனால் கம்பளி. உருகிக் கறுப்பு மணியாக உறைந்தால் பிளாஸ்டிக். இது வரலாற்றுக்காக மட்டும் சொல்வதில்லை, முகாமில் ராத்திரி முழுக்க நெருப்பு எரியும், பொறி பறக்கும். கம்பளியில் விழுந்தால் கருகி அணைந்துவிடும், பாலியஸ்டரில் விழுந்தால் உருகித் தோலோடு ஒட்டும். குழந்தை வேறு வருகிறாள்.

லினனை வெட்டுவதற்கு முன் 60 டிகிரியில் ஒரு முறை துவைத்துவிடு. நன்றாகச் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் உன் சட்டை மகளுக்குத்தான்.

சும்மாபார்க்கவந்தவன்:
ஆகஸ்டில் கம்பளியா? வெந்துபோக மாட்டீர்களா? அப்புறம் ஒரு சந்தேகம், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், வெள்ளைக்காரன் வெள்ளைக்காரனை வெட்டிய சண்டைக்கு நாம் எதற்கு வேஷம் கட்ட வேண்டும்?

கம்பளிப்பூச்சி:
கோட்லாந்து ஆகஸ்ட் என்ன சென்னை ஆகஸ்டா? பகலில் 20, 22, ராத்திரி கடல்காற்று. மெல்லிய கம்பளி வேர்வையை வெளியே விடும், நனைந்தாலும் கதகதப்பாக இருக்கும். நான் வெந்தது முதல் வருஷம் போட்ட பாலியஸ்டர் கவுனில்தான்.

இரண்டாவது கேள்விக்கு: ஊரில் கூத்துக்கு வேஷம் கட்டுபவரிடம் நீ என்ன குருக்ஷேத்திரத்துக்காரனா என்று கேட்பீர்களா?

ஊசிமுனை:
மகள் பள்ளிக்கூடத்தில் இந்தச் சண்டையைப் படித்துவிட்டு வந்து எங்களுக்குப் பாடம் நடத்துகிறாள். வேறு காரணம் எனக்கு வேண்டாம். அக்கா, கூடை காலி. ஆனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

சம்மட்டி:
நோர்வேயிலிருந்து எழுதுகிறேன். இரும்பு வேலை என் பக்கம், அதனால் வீட்டுக்காரருக்கு நான் ஆறுதல் சொல்கிறேன்.

தங்கச்சி, அவரை ஒரு நாள் ஸ்டாக்ஹோம் வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. விஸ்பியில் கிடைத்தவற்றில் ஒரு பகுதி அங்கேதான் இருக்கிறது. கதை இதுதான். 1361 ஜூலை 27, டென்மார்க் அரசன் வால்டெமார் அட்டர்டாக்கின் படை விஸ்பி மதிலுக்கு வெளியே தீவின் குடியானவர்களை வெட்டிச் சாய்த்தது. நகரத்துப் பணக்கார வணிகர்கள் மதிலுக்கு உள்ளே இருந்தார்கள், கதவைத் திறக்கவில்லை, இரண்டு நாள் கழித்துச் சரணடைந்தார்கள். செத்தவர்களைப் பெரிய குழிகளில் போட்டு மூடினார்கள். அந்தக் குழிகளை 1905-இல் தொடங்கி 1920களின் கடைசி வரை தோண்டியபோது ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன. அதில் சிறுவர்களும் இருந்தார்கள், கிழவர்களும் இருந்தார்கள். சில மண்டையோடுகளில் சங்கிலித் தலைமூடி அப்படியே துருப்பிடித்து ஒட்டியிருந்தது. வழக்கமாகச் சண்டை முடிந்தால் கவசத்தைக் கழற்றிக்கொள்வார்கள், அந்தக் காலத்தில் இரும்பு விலை அப்படி. இங்கே கோடை வெயிலில் பிணங்கள் அழுகத் தொடங்கியதால் உருவாமலே புதைத்துவிட்டார்கள் என்பது அகழாய்வாளர்களின் கணிப்பு. அதனால்தான் ஐரோப்பாவிலேயே 14-ஆம் நூற்றாண்டுக் கவசத்தைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிகிறது. பெங்க்ட் தோர்டெமான் அதைப் பற்றி எழுதிய புத்தகம்தான் இன்றைக்கும் கவசம் செய்கிற எங்களுக்குக் கையேடு.

இப்போ உங்கட வீட்டுக்காரருக்கு வேண்டிய சேதி. செத்தவர்கள் போட்டிருந்த கவசத்தில் பல அந்தக் காலத்துக்கே பழசாகிப்போன மாதிரி. தாத்தா வைத்திருந்ததை எடுத்து மாட்டிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். கவசமே இல்லாதவர்களும் நிறைய இருந்திருக்க வேண்டும். காயங்களில் பெரும்பங்கு முழங்காலுக்குக் கீழே, எலும்பு வரை வெட்டு. கேடயத்துக்குக் கீழே காலை மறைக்க ஒன்றும் இல்லை. ஆக 1361 கோட்லாந்து ஆள் என்றால் கம்பளி அங்கி, முக்காடு, கையில் ஒரு கோடாலி அல்லது ஈட்டி. பளபளப்பாகப் போனால் டென்மார்க்காரன் என்றுதான் நினைப்பார்கள்.

ஊசிமுனை:
அண்ணா, இதை அவரிடம் சத்தமாக வாசித்துக் காட்டினேன். "பழைய கவசம் என்றால் மலிவாகக் கிடைக்குமா" என்று கேட்கிறார்.

சம்மட்டி:
கிடைக்காது. கையால் செய்யலாம். சங்கிலித் தலைமூடி ஒன்று செய்யச் சொல்லுங்கோ, மூன்று மாதம் கை சும்மா இருக்காது.

1.6 மில்லிமீட்டர் இரும்புக் கம்பி, துத்தநாகம் பூசாதது. 8 மில்லிமீட்டர் தண்டில் ஸ்பிரிங் மாதிரி நெருக்கமாகச் சுற்றி, ஒரு பக்கமாக வெட்டினால் வளையம். இரண்டு குறடு வேண்டும், வாய் வழுவழுப்பாக இருக்கிறதாகப் பார்த்து வாங்குங்கோ, பல் வைத்தது கம்பியைக் கீறிவிடும். ஒவ்வொரு வளையமும் நாலைக் கோத்துக்கொண்டு நிற்க வேண்டும், மேலே இரண்டு, கீழே இரண்டு. ஒரு வரிசை வலப்பக்கம் சாய்ந்தால் அடுத்த வரிசை இடப்பக்கம். இது கண்ணுக்குப் பிடிபடும் வரைக்கும் பைத்தியம் பிடிக்கும், பிடிபட்ட பிறகு டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம். வளையத்தின் வாயைப் பக்கவாட்டில் இழுத்துத் திறக்காதீங்கோ. முன்னும் பின்னுமாகத் திருகித்தான் திறக்கவும் மூடவும் வேண்டும், அகலமாக இழுத்தால் வட்டம் போய்விடும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் பெரும்பாலும் வளையத்தின் இரண்டு முனையையும் தட்டையாக்கித் துளை போட்டு ரிவிட் அடித்தார்கள். சும்மா முட்டி நிற்கிற வளையம் பார்வைக்கு மட்டும், ஒரு குத்து விழுந்தால் வாய் பிளக்கும். அதை மாட்டிக்கொண்டு சண்டைக் களத்தில் இறங்கக் கூடாது, இறங்கவும் விட மாட்டார்கள். இங்கே சந்தையில் மலிவாகக் கிடைக்கிற ரிவிட் அடித்த சட்டைகளில் நிறைய இந்தியாவில் செய்தவை, அது ஒரு வேடிக்கை.

ஊசிமுனை:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். லினன் சட்டை மூன்றும் முடிந்தன. மூன்று துண்டு செவ்வகம், அக்குளில் ஒரு சதுரம், இவ்வளவுதானே என்று இளப்பமாக நினைத்தேன். அந்தச் சதுரத்தை மூலைவாட்டில் திருப்பி வைக்க வேண்டும் என்று புரிய ஒரு ராத்திரி ஆனது. அப்பாவின் ஜிப்பாவில் அக்குளில் இதே துண்டு இருந்தது ஞாபகம் வந்ததும் சரியாக வந்துவிட்டது.

இப்போது பிரச்சினை அங்கியில். பழுப்புக் கம்பளி, சாய்வரி நெசவு (ட்வில்), மூன்றரை மீட்டர் வாங்கினேன், விலையைச் சொன்னால் எல்லாரும் திட்டுவீர்கள். பக்கவாட்டில் வைக்கும் முக்கோணத் துண்டுகள் நன்றாக வந்துவிட்டன. முன்பக்கம் நடுவில் துணியைக் கீறி அதற்குள் வைக்கும் முக்கோணம்தான் கொல்கிறது. மேல் முனையில் சுருக்கம் விழுகிறது, பிரித்துத் தைத்தால் துளை விழுகிறது. நாலு தடவை பிரித்துவிட்டேன். வயிற்றுக்கு நேராக ஒரு தொப்புள் மாதிரி நிற்கிறது.

கம்பளிப்பூச்சி:
தொப்புள்! எங்கள் குழுவில் அதற்கு அதே பெயர்தான்.

மிஷினை மூடி வை. இந்த ஒரு இடம் கையால்தான் வரும். கீறலின் இரண்டு ஓரத்தையும் உள்ளே மடி, கீழே ஒரு சென்டிமீட்டர் மடிப்பு, மேலே போகப் போகக் குறைந்து முனையில் ஒன்றுமே இல்லாமல் போகணும். அயர்ன் பண்ணு. முக்கோணத் துண்டைப் பின்னால் தட்டையாக வை, அதன் முனை கீறலின் முனையைத் தாண்டி ஒரு விரல்கடை மேலே போய் நிற்கட்டும். மேஜையில் பரப்பி வைத்துத்தான் குண்டூசி குத்தணும், மடியில் வைத்துக் குத்தினால் போச்சு. இப்போது வெளிப்பக்கத்திலிருந்து, முனையில் ஆரம்பித்துக் கீழ்நோக்கி, மடிப்பின் ஓரத்தைப் பிடித்துப் பொடித் தையலாகப் போடு. ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபடியும் முனைக்கு வந்து அடுத்த பக்கம். கீழிருந்து மேலே போனால் மிச்சமாகிற துணி எல்லாம் முனையில் வந்து சேரும், உன் தொப்புள் அதுதான். முனையில் மட்டும் நாலைந்து தையல் நெருக்கமாக. லினன் நூலைத் தேன்மெழுகில் இரண்டு தடவை இழுத்துக்கொள், சிக்காது.

இன்னொன்று, தைத்த உடனே கீழ் ஓரத்தை மடித்து அடித்துவிடாதே. முக்கோணத்தின் சாய்ந்த பக்கம் நெசவுக்கு மூலைவாட்டில் வெட்டியது, சொந்த கனத்திலேயே இறங்கும். இரண்டு நாள் ஹாங்கரில் தொங்கவிடு, அப்புறம் மகளை ஸ்கேல் பிடிக்கச் சொல்லித் தரையிலிருந்து சுற்றி அளந்து வெட்டு. அவள் அங்கியில் பட்டுப் பாவாடைக்கு வைக்கிற மாதிரி இரண்டு டக் வை, அடுத்த வருஷம் பிரித்துக்கொள்ளலாம்.

இந்த முக்கோண விஷயம் நம் கற்பனை கிடையாது. 1921-இல் கிரீன்லாந்தில் ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ் என்ற இடத்தில் பழைய தேவாலயக் கல்லறையைத் தோண்டினார்கள். உறைந்த மண்ணில் பிணத்தைச் சுற்றிய உடைகள் முழுசாக இருந்தன, அங்கி, முக்காடு, கால்மேசு எல்லாம் கம்பளி. அவற்றைப் பார்த்தால் இடுப்புக்குக் கீழே முக்கோணத்துக்கு மேல் முக்கோணம். ஒரு செவ்வகத்தை மூலைவிட்டமாக வெட்டினால் இரண்டு முக்கோணம், துண்டு விழாது. நூல் நூற்று நெய்து முடிக்க ஒரு வருஷம் ஆகும் என்றால் நீயும் நானும் அப்படித்தான் வெட்டுவோம். ஸ்வீடனில் வார்பெரி பக்கம் 1936-இல் சதுப்பு நிலத்தில் கிடைத்த பொக்ஸ்டென் மனிதனின் அங்கியும் இதே குடும்பம்தான். அவன் முக்காட்டின் வால் 90 சென்டிமீட்டர் சொச்சம். உன் வீட்டுக்காரருக்கு அதைத் தைத்துக் கொடு, வால் இருந்தால் கோபம் போய்விடும்.

சும்மாபார்க்கவந்தவன்:
உள் தையலை மிஷினில் அடித்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

கம்பளிப்பூச்சி:
யாருக்கும் தெரியாது, அடிக்கலாம். நீளத் தையல் எல்லாம் மிஷின், வெளியே தெரிகிற ஓரம், கழுத்து, காஜா மூன்றும் கை. நூறு சதவீதம் கையால்தான் என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு, அவர்களுக்கு நாலு மாசமும் ஒன்பது வயதுப் பிள்ளையும் இருந்ததில்லை. நானே மூன்றாவது வருஷம் முழுசாகக் கையால் ஓர் அங்கி தைத்தேன், 60 மணி நேரத்துக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

ஊசிமுனை:
தொப்புள் போயே போச்சு! நன்றி அக்கா.

அடுத்தது சாயம். முக்காட்டுக்கு வெள்ளைக் கம்பளி ஒரு மீட்டர் இருக்கிறது, சிவப்பாக்க ஆசை. பாக்கெட் சாயம் போட்டால் முகாமில் கண்டுபிடிப்பார்களா?

வேர்ச்சாயம்:
ஈரோட்டிலிருந்து. சாயப் பட்டறை குடும்பம், இப்போது இயற்கைச் சாயம் மட்டும் செய்கிறேன். இந்த இழையை ஒரு மாசமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், நம் பேட்டைக்கு வந்துவிட்டீர்கள்.

பாக்கெட் சிவப்பு ஒரே தட்டையாக இருக்கும், வெயிலில் பார்த்தால் கண் உடனே சொல்லிவிடும். அந்த ஊரில் அந்தக் காலத்தில் சிவப்பு என்றால் மஞ்சிட்டிக் குடும்பத்து வேர். நம் சோழமண்டலக் கரையில் துணிக்குச் சிவப்பு கொடுத்த சாயவேர் வேறு செடி, ஆனால் இரண்டிலும் சிவப்பைத் தருவது அலிசரின் என்ற ஒரே பொருள். அதனால் தைரியமாகச் சொல்கிறேன், எங்கள் கைக்குப் பழகியதுதான்.

ஒரு மீட்டர் கம்பளி அரைக் கிலோ வரும் என்று வைத்துக்கொள்வோம். படிகாரம் 60 கிராம் வெந்நீரில் கரைத்து, துணியை அதில் ஒரு மணி நேரம் மெதுவாகச் சூடாக்கி, அப்படியே ஆறவிடுங்கள். வேர்த் தூள் அரைக் கிலோவை முந்தின ராத்திரியே ஊறப்போட்டு, துணிப்பையில் கட்டிப் போடுங்கள், இல்லாவிட்டால் கம்பளிக்குள் ஒட்டிய தூளை எடுக்கப் பொங்கல் வரை உட்கார வேண்டும். சூடு 70 டிகிரியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வேரிலுள்ள பழுப்பும் கிளம்பி வந்து செங்கல் நிறமாகிவிடும். ஸ்டாக்ஹோம் தண்ணீர் மென்தண்ணீர் என்று கேள்வி, கால்சியம் கார்பனேட் தூள் ஒரு ஸ்பூன் போட்டால் சிவப்பு எழும். இரும்புச் சட்டி வேண்டாம், நிறம் இருண்டுபோகும். எவர்சில்வர் அண்டா நல்லது, அதில் மறுபடியும் சாம்பார் வைக்காதீர்கள்.

மூன்று மீட்டர் அங்கியைச் சாயம் போட நினைக்க வேண்டாம். அது புரண்டு நீந்த 40 லிட்டர் அண்டாவாவது வேண்டும். அடுக்குமாடி வீட்டில் முக்காடோடு நிறுத்துங்கள்.

சம்மட்டி:
நீலத்துக்கு அவுரி போட்டால் சரியா? இங்கே ஒருவர் அவுரி இந்தியச் சரக்கு, 1361-இல் கோட்லாந்துக்கு எப்படி வந்தது என்று என் நண்பனை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்டிருக்கிறார்.

வேர்ச்சாயம்:
செடி வேறு என்பது உண்மை. அங்கே வோட் (woad) என்ற கடுகுக் குடும்பத்துச் செடியின் இலையிலிருந்து நீலம் எடுத்தார்கள், அவுரி பெருமளவில் ஐரோப்பாவுக்குப் போனது கடல்வழி திறந்த பிறகுதான். ஆனால் துணியில் போய் உட்காருவது இரண்டிலும் அதே இண்டிகோடின். தொட்டியிலிருந்து எடுக்கும்போது மஞ்சள் பச்சையாக வந்து காற்று பட்டதும் கண் முன்னே நீலமாகும், அந்த விளையாட்டும் ஒன்றுதான். வாசலில் நிற்பவர் சாயத்தைப் பார்த்து எந்தச் செடி என்று சொல்லிவிட்டால் நான் பட்டறையை அவருக்கு எழுதி வைக்கிறேன்.

ஊசிமுனை:
சிவப்பு வந்துவிட்டது!! தக்காளிச் சிவப்பு இல்லை, நன்றாகப் பழுத்த இலந்தைப்பழம் மாதிரி. மகள் முக்காட்டை இப்போதே கழற்ற மாட்டேன் என்கிறாள்.

ஒரு விபரீதமும் நடந்தது. அலசுவதற்கு எங்கள் கட்டடத்தின் பொதுச் சலவை அறைக்குக் கொண்டுபோனேன். தொட்டியைக் கழுவிவிட்டுத்தான் வந்தேன், சத்தியமாக. மறுநாள் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது, "இங்கே என்ன வெட்டினீர்கள்?" என்று. கையெழுத்து இல்லை. ஸ்வீடன் சலவை அறையில் இருந்தவர்களுக்கு இந்தக் காகிதங்களின் தொனி தெரியும்.

தோல்பை:
யாரும் காலைப் பற்றிப் பேசவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆம்பூரில் பிறந்து தோலோடு வளர்ந்தவன், இப்போது ஜெர்மனியில். இந்த மாதிரி விழாக்களுக்கு ஷூ தைத்து விற்கிறேன்.

அந்தக் காலத்து ஷூவை உட்புறம் வெளியே இருக்கும்படி தைத்து, பிறகு திருப்பிவிடுவார்கள். தலையணை உறை தைக்கிற மாதிரியேதான். மேல்தோல் 2 மில்லிமீட்டர், அடித்தோல் 4. பட்டை போட்டுப் பதனிட்ட தோலாக இருக்க வேண்டும், நம் ஊரில் ஆவாரம்பட்டை, இங்கே ஓக் பட்டை. குரோம் தோல் தண்ணீரில் ஊறினாலும் பிடித்த வடிவத்தில் நிற்காது, வெட்டிய ஓரத்தில் சாம்பல் நீலம் தெரியும். அடித்தோலில் குத்தூசி ஓரத்தில் நுழைந்து சதைப்பக்கமாக வெளியே வர வேண்டும், நேராகக் கீழே துளைத்துவிட்டால் நடக்கும்போது நூல் தரையில் தேய்ந்து ஒரே நாளில் அறுந்துபோகும். ஒரே நூலில் இரண்டு முனையிலும் ஊசி, ஒரே துளையில் எதிரெதிராகப் போகும். தைத்து முடித்ததும் வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் ஊறவைத்து, குதிகாலிலிருந்து திருப்புங்கள். பிதுக்கித் தள்ள ஒரு மரக்கரண்டி போதும். ஈரமாகவே காலில் போட்டு ஒரு மணி நேரம் வீட்டுக்குள் நடந்தால் உங்கள் காலின் அச்சு விழுந்துவிடும்.

முதல் ஜோடியைத் தூக்கிப் போடுவீர்கள். அதனால் மகளுடையதை முதலில் தையுங்கள், தோல் கொஞ்சம்தான் வீணாகும்.

ஊசிமுனை:
அண்ணா, அதேதான் நடந்தது. முதல் ஜோடியில் இரண்டும் இடது கால்.

தோல்பை:
திருப்பினால் கால் மாறும் என்று எழுத மறந்துவிட்டேன். மன்னிக்கணும்.

சம்மட்டி:
சங்கிலித் தலைமூடி என்ன ஆச்சு?

ஊசிமுனை:
உச்சந்தலையிலிருந்து ஆரம்பித்தார். இப்போது காது வரை வந்திருக்கிறது. முதல் வாரம் மாலைக்கு 60 வளையம், இப்போது 200 வரை போகிறது. சோபா இடுக்கில் எல்லாம் வளையம், நேற்று தயிர்ச் சாதத்தில் ஒன்று கிடைத்தது. அதற்குள் போட லினனில் பஞ்சு வைத்துத் தைத்த குல்லாய் ஒன்று வேண்டுமாம், இல்லையென்றால் முடியைப் பிடுங்குகிறது. அதுவும் என் தலையில்தான் விழுந்திருக்கிறது. துணிப் பொத்தான் வேறு மகளுடைய கைக்கு, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு பக்கம் 12.

கம்பளிப்பூச்சி:
பொத்தானை ஓரத்திலிருந்து உள்ளே தள்ளித் தைக்காதே. நம் சட்டைப் பழக்கம் அது. லண்டனில் கிடைத்த 14-ஆம் நூற்றாண்டுத் துண்டுகளில் பொத்தான் துணியின் விளிம்பிலேயே, வெளிவிளிம்பில் உட்கார்ந்திருக்கும். இரண்டு ஓரமும் கிட்டத்தட்ட முட்டிக்கொண்டு நிற்கும், ஒன்றின் மேல் ஒன்று அதிகம் ஏறாது. 3 சென்டிமீட்டர் வட்டம் வெட்டி, சுற்றி ஓட்டுத் தையல் போட்டு இழுத்து, ஓரத்தையெல்லாம் உள்ளேயே திணித்து இறுக்கினால் பட்டாணி அளவுக்குக் கெட்டியாக வரும். அதில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதே, இரண்டு கூடுதலாகச் செய்து வை.

ஊசிமுனை:
போய்விட்டு வந்தாச்சு! நேற்றுதான் வீடு சேர்ந்தோம், கம்பளியெல்லாம் புகை நாற்றம், துவைக்க மனசே வரவில்லை.

கப்பலில் ஏறும்போதே பாதிப் பேர் வேஷத்தில் இருந்தார்கள், நீனெஸ்ஹாம்ன் துறைமுகத்தில் அங்கி போட்ட ஒரு பாட்டி என் முன்பக்க முக்கோணத்தின் முனையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஸ்வீடிஷில் "கையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவ்வளவுதான் பேச்சு. மூன்றே கால் மணி நேரப் பயணம் முழுக்க அதை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்காரர் தலைமூடியைத் தோள் வரை முடித்துவிட்டார், முதல் நாள் ஒரு மணி நேரம் போட்டிருந்தார், அப்புறம் கழுத்து பிடித்துக்கொண்டது. மீதி நாளெல்லாம் வால் முக்காடு, கையில் மர வாளி. முகாமில் தண்ணீர் சுமப்பது புதிதாக வந்தவர்களின் வேலையாம். அதில் அவருக்கு நிறைய சிநேகிதர்கள். போர்க்களத்துக்குப் பக்கத்தில் நிற்கும் சிலுவைக் கல்லுக்கு மகள் கூட்டிக்கொண்டு போனாள். டேனியர்கள் கையில் விழுந்த கோட்லாந்தியர்கள் இங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள், அவர்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று லத்தீனில் இருப்பதைப் படித்துக் காட்டினாள். சம்மட்டி அண்ணா எழுதியதுதான் மனசில் ஓடியது. அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தன் முழங்காலுக்குக் கீழே ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

இனி புலம்பல். மூன்றாம் நாள் மழை. விஸ்பி தெருவெல்லாம் உருண்டைக் கல், இறக்கம் வேறு. என் ஷூவின் அடித்தோல் நனைந்ததும் சோப்பு மாதிரி ஆகிவிட்டது. கடற்கரைப் பக்கம் குதிரையில் ஈட்டி ஏந்தி மோதும் சண்டை பார்க்க இறங்கும்போது வழுக்கி உட்கார்ந்தேன், முழங்கால் சிராய்ப்பு, அங்கிக்கு ஒன்றும் ஆகவில்லை. முழங்காலைப் பார்ப்பதற்கு முன் அங்கியைத்தான் பார்த்தேன். தோல்பை அண்ணா, அடியில் ரப்பர் ஒட்டினால் முகாமில் விடுவார்களா?

தோல்பை:
ஓரமாக ஒட்டினால் யாரும் குனிந்து பார்க்க மாட்டார்கள். ஆனால் எனக்குத் தெரிந்தால் தூக்கம் வராது. அடித்தோலின் மேல் இன்னொரு தோலைப் பாதி அளவுக்கு வைத்துத் தையுங்கள், சதைப்பக்கம் தரையைப் பார்க்கட்டும், சொரசொரப்பு கல்லைப் பிடிக்கும். அதையும் இரண்டு நாள் நடந்து தேய்த்தால்தான் பிடிக்கும். இல்லையென்றால் மழைக்கு அந்தக் காலத்திலேயே ஷூவுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் மரக்கட்டை இருந்தது, நம் பாதக்குறடு மாதிரி வார் வைத்தது. மூன்று பேருடைய கால் அளவையும் காகிதத்தில் வரைந்து அனுப்புங்கள். இடது வலது எழுதி.

ஊசிமுனை:
எழுதுகிறேன். அப்புறம் அக்கா, மகளின் 24 பொத்தானில் 21தான் வீடு வந்து சேர்ந்தது. கூடுதலாகச் செய்த இரண்டும் போச்சு. பொத்தான் தைக்க அந்த முக்காட்டுச் சிவப்பில் நூல் யாரிடமாவது இருக்கிறதா?

வேர்ச்சாயம்:
நூலா? வேர் அண்டாவைக் கீழே கொட்டிவிட்டீர்களா என்ன? அந்தத் தண்ணீரில் இன்னும் இரண்டு தடவை போடலாமே, வெளிர் சிவப்பு வரும்.

ஊசிமுனை:
சலவை அறைக் காகிதத்தைப் பார்த்த அன்றே கொட்டிவிட்டேன்.